முகங்காணா முதலாளிகள்

கூலி கொடுப்பவரும் கூலி பெறுபவரும் ஒருவரையொருவர் பாராமலே வேலை நடக்கும் காலம் இது. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது அலுவலகங்கள் வீட்டுக்குள் புகுந்தன. ஆணை நீங்கிய பின்னும் அவை முற்றும் வெளியேறவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்வதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கணினி தந்த நன்மைகளுள் அதுவும் ஒன்று. நான் எடுத்துக்கொண்ட பொருள், அதன் நிழலில் தழைத்துவிட்ட வேறொரு வழக்கம். கோலாலம்பூரிலோ ஷா ஆலாமிலோ இருக்கும் நிறுவனம், கம்பாரிலும் தஞ்சோங் மாலிமிலும் சிந்தோக்கிலும் பயிலும் மாணவர்களைப் புலனத்தின் வழியே தேர்ந்து, புலனத்தின் வழியே ஏவி, அவரவர் இருக்கும் ஊரிலும் பிறந்த ஊரிலும் தன் பொருளுக்கு ஆள் பிடிக்க வைக்கிறதே, அந்த வழக்கம்.

முன்கூட்டி ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். பகுதி நேர வேலை என்று ஆசை காட்டி, முதலில் பணம் கட்டச் சொல்லி ஓடிப்போகும் கும்பல்களைப் பற்றி நான் எழுத வரவில்லை. அவர்களைப் பிடிக்கக் காவல்துறை இருக்கிறது. 2022ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையம் இருக்கிறது. அழைப்பதற்கு 997 என்ற எண்ணும் இருக்கிறது. என் வழக்கு, முறையாகப் பதிவு பெற்ற, பெயர்ப்பலகை மாட்டிய, ஆண்டுவிழா மேடைகளில் நாம் பொன்னாடை போர்த்துகின்ற நிறுவனங்களின் மேல்தான்.

வேலை என்னவென்று பார்ப்போம். நாள்தோறும் மூன்று பதிவுகளை முகநூலிலும் படவரியிலும் ஏற்ற வேண்டும். தலைநகரில் எழுதிய ஆங்கில விளம்பரத்தைத் தமிழாக்க வேண்டும். இப்போதெல்லாம் இயந்திரமே தமிழாக்கி அனுப்பிவிடுகிறது. அந்தத் தமிழைப் படித்தவர்களுக்குத் தெரியும், அதைத் திருத்துவதைக் காட்டிலும் புதிதாக எழுதுவது எளிதென்று. ஆனால் ‘சும்மா பார்த்துத் திருத்திக் கொடு’ என்று சொல்லிவிட்டால் அது வேலைக் கணக்கில் சேராதாம். விடுதியில் சுவரொட்டி ஒட்ட வேண்டும். தைப்பூசத்தன்று ஈப்போ குனோங் சீரோ ஆலயத்தருகே துண்டறிக்கை கொடுக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு இயங்கலைக் கூட்டத்தில் தோன்றி, இன்று எத்தனை பேரிடம் பேசினாய் என்னும் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். கூட்டத்தில் மாணவரின் முகம் தெரிய வேண்டும் என்பது கட்டளை. கட்டளையிடுபவரின் முகம் இருக்க வேண்டிய இடத்திலோ ஒரு கறுப்புக் கட்டம்தான் இருக்கும்.

வேலை கிடைப்பதற்கு முன்னரே வேலை தொடங்கிவிடுவதும் உண்டு. அதற்குச் ‘சோதனைப் பணி’ என்று பெயர். உன் ஊரில் எங்கள் பொருளை விற்க ஒரு திட்டம் வரைந்து அனுப்பு. இரண்டு விளம்பரப் படங்கள் செய். முப்பது வினாடிக் காணொலி ஒன்று எடு. பிறகு சொல்கிறோம் என்பார்கள். இருபது மாணவர்கள் இரவு கண்விழித்துச் செய்து அனுப்புகிறார்கள். எந்தக் கடையில் இளைஞர் கூடுவர், எந்த வாரத்தில் அவர்கள் கையில் காசு இருக்கும், எந்த மொழியில் சொன்னால் எடுபடும் என்று இருபது ஊர்களின் நிலவரமும் காசு செலவில்லாமல் நிறுவனத்தின் கைக்கு வந்து சேர்கிறது. வேலை கேட்டு வந்த தையற்காரரிடம் ஒரு சட்டை தைக்கச் சொல்லி, சட்டையை வைத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிடும் கடைக்காரரை ஊரார் என்னவென்று அழைப்பர்? இவர்களை மட்டும் நாம் ‘புதுமைச் சிந்தனையாளர்’ என்கிறோம்.

விளம்பரம்தான் வேண்டுமென்றால் செய்தித்தாளில் இடம் வாங்கலாம். வானொலியில் நேரம் வாங்கலாம். முகநூல் நிறுவனத்துக்கே பணம் கட்டினால் இன்ன ஊரில் இன்ன வயதினர் கண்ணில் படும்படி காட்டிக் கொடுக்கும். இத்தனை வழிகள் இருக்க, மாணவர் எதற்கு? அவர் சொன்னால் கேட்பதற்குச் சிலர் இருக்கிறார்கள் என்பதால்தான். அறைத்தோழி இருக்கிறாள், அத்தை இருக்கிறார், பழைய பள்ளித் தோழர்களின் புலனக் குழு இருக்கிறது, ‘இந்தப் பிள்ளை பொய் சொல்லாது’ என்று நம்பும் அண்டை வீட்டார் இருக்கிறார்கள். இருபது ஆண்டுகள் ஒரு குடும்பம் ஓர் ஊரில் நேர்மையாக வாழ்ந்து ஈட்டிய நம்பிக்கை அது. அந்த நம்பிக்கையைத்தான் நிறுவனம் கடனாக வாங்குகிறது. வட்டியும் கொடுப்பதில்லை, முதலும் திரும்புவதில்லை. பொருள் கெட்டிருந்தால் வாங்கியவர் தலைநகருக்குத் தொலைபேசி போட மாட்டார். மாணவரின் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்.

நம் மக்களுக்கு இது முற்றிலும் புதிய கதையன்று. மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி முறையை இன்றைய மாணவர்கள் வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியாகப் படித்துக் கடந்துவிடுகிறார்கள். தோட்டத்துத் துரை ஆள் தேடித் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அலையவில்லை. தன்னிடம் வேலை செய்த ஒருவரையே கங்காணியாக்கி, வழிச்செலவுக்குப் பணம் கொடுத்து, அவர் பிறந்த ஊருக்கே அனுப்பினார். கிராமத்து மக்கள் துரையை நம்பிக் கப்பலேறவில்லை. நம் ஊர்க்காரர், நம் உறவுக்காரர் என்று கங்காணியை நம்பி ஏறினார்கள். சேர்த்த ஆளுக்கு இவ்வளவு என்று தரகு. வேலைக்கு இறங்கிய ஆளுக்கு நாள்தோறும் இவ்வளவு என்று தலைக்காசு. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்ட பின் இதுவே ஆள் சேர்க்கும் பெருவழியாயிற்று. உதவி பெற்றுத் தொழிலாளர் மலாயா செல்வதை இந்திய அரசு 1938இல் தடை செய்யும்வரை அது நீடித்தது.

இரண்டும் ஒன்றென்று சொல்வேனாயின் என்னை நகையாடலாம். மாணவர் வேண்டாமென்றால் கைப்பேசியை அணைத்துவிட்டுப் படுக்கலாம். கப்பலேறியவருக்கு அந்த வசதி இல்லை. ரப்பர்க் காட்டில் மலேரியாவில் மடிந்தவர்களின் துயரத்தை ஒரு விளம்பர வேலைக்கு உவமையாக்குவது அடாது. நான் ஒப்பிடுவது கணக்கு எழுதும் முறையை மட்டுமே. உறவை முதலீடாக்கி, தலைக்கு இவ்வளவு என்று விலை வைத்து, இழப்பு முழுவதையும் நடுவில் நிற்பவரின் தோளில் ஏற்றும் அந்தப் பேரேடு மீண்டும் திறக்கப்பட்டிருக்கிறது. அன்றைய கங்காணிக்குக்கூட வழிச்செலவுக்குப் பணம் கிடைத்தது. இன்றைய மாணவர் தம் சொந்தக் கைப்பேசியில், சொந்தத் தரவுக் கட்டணத்தில், சொந்த மோட்டார் சைக்கிளுக்குச் சொந்தக் காசில் எண்ணெய் ஊற்றி வேலை பார்க்கிறார்.

என் பள்ளியில் பயின்று இன்று வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் சென்ற விடுமுறையில் என்னைக் காண வந்தார். நலம் விசாரித்து முடிந்ததும் தயங்கித் தயங்கி, “ஐயா, ஆறாம் ஆண்டுப் பெற்றோரின் தொலைபேசி எண்கள் கிடைக்குமா?” என்றார். எதற்கம்மா என்றேன். இயங்கலைத் துணைப்பாட வகுப்பு நடத்தும் நிறுவனம் ஒன்று அவரைத் தன் ‘வட்டாரத் தூதர்’ ஆக்கியிருந்தது. சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 15 வெள்ளி. அவர் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். வாரத்துக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் உழைத்திருந்தார். நான்கு வாரத்தில் சேர்ந்தவர்கள் ஆறு பேர். அவர்களுள் ஒருவர் அவருடைய சித்தி மகன். இன்னொருவர் அவர் தாயாருடன் வேலை செய்பவரின் மகள். வரவு 90 வெள்ளி. எண்பது மணிக்குத் தொண்ணூறு வெள்ளி என்றால் மணிக்கு ஒரு வெள்ளி பன்னிரண்டு காசு. உட்கார்ந்து இருவருமாகவே கணக்குப் பார்த்தோம். 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச ஊதிய ஆணைப்படி மாத ஊதியம் 1,700 ரிங்கிட். மணிக்கு 8 ரிங்கிட் 72 சென். அதே எண்பது மணிக்கு 697 ரிங்கிட் 60 சென் வந்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளை கணக்கில் கெட்டிக்காரி. ஆறாம் ஆண்டில் என்னிடம்தான் பின்னம் படித்தாள். வகுத்து முடித்ததும் பேசாமல் குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

எண்களை நான் கொடுக்கவில்லை. பெற்றோர் தம் எண்ணைப் பள்ளியில் தந்தது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கூப்பிடுவதற்காக. ஒருவர் இசைவின்றி அவருடைய விவரங்களை வணிகத்துக்குப் பயன்படுத்தலாகாது என்று 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. இதைத் தலைநகரில் உட்கார்ந்திருக்கும் நிறுவனம் அறியாதா? அறியும். அறிந்ததனால்தான் தான் கேளாமல் ஒரு மாணவியை விட்டுக் கேட்கச் சொல்கிறது.

இரண்டு நாள் கழித்து அந்நிறுவனத்தின் மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். பணிவாகத்தான் பேசினார். “சார், அவங்க எங்க ஊழியர் இல்ல, தூதர்” என்றார். தூதர் என்னும் சொல்லை இவ்வளவு மலிவாக எவரும் விற்றதில்லை. ஒரு நாடு தன் தூதருக்கு மாளிகை தருகிறது, கார் தருகிறது, மாதம் பிறந்தால் சம்பளம் தருகிறது. இத்தனை கையெழுத்து வாங்கி வந்தால் கூலி என்று எந்த நாடும் சொல்லியனுப்புவதில்லை.

‘ஊழியர் அல்லர்’ என்னும் இந்த வாதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வழக்கத்தின் உயிர்நிலையே அதில்தான் இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. எழுத்து ஒப்பந்தம் இல்லாத இடத்தில் ஒருவரை ஊழியர் என்றே கொள்வதற்கான அடையாளங்களை அது சொல்கிறது. வேலை செய்யும் முறையை இன்னொருவர் கட்டுப்படுத்துகிறாரா? நேரத்தை இன்னொருவர் குறிக்கிறாரா? செய்யும் வேலை அந்த நிறுவனத்தின் தொழிலில் ஒரு கூறா? இப்படிப் போகிறது அந்த வரிசை. நாளைக்கு மூன்று பதிவு, இரவு ஒன்பது மணிக்குக் கூட்டம், வராவிட்டால் விளக்கம் என்று கட்டளையிட்டுவிட்டு, எங்கள் கட்டுப்பாட்டில் அவர் இல்லை என்பது எந்த நீதி? இதைத் தவிர்க்கத்தான் சில நிறுவனங்கள் இப்போது ஒப்பந்தம் எழுதுகின்றன. அதில் முதல் வரியே ‘நீர் எம் ஊழியர் அல்லர்’ என்பதாக இருக்கிறது. அதைப் பத்தொன்பது வயதுப் பிள்ளை கைப்பேசித் திரையில் விரலால் தள்ளிக்கொண்டே போய்க் கையொப்பமிடுகிறது.

ஊழியர் என்று ஒப்புக்கொண்டால் என்ன கேடு வந்துவிடும்? பகுதி நேர ஊழியருக்கென்று 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. முழு நேர வேலையின் நூற்றுக்கு 30 பங்குக்கு மேல் 70 பங்குக்குள் உழைப்பவர் பகுதி நேர ஊழியர். வாரம் 45 மணி என்னும் கணக்கில் பதின்மூன்றரை மணிக்கு மேல் முப்பத்தொன்றரை மணிக்குள். அவருக்கு அளவான விடுப்பு உண்டு. ஊழியர் சேமநிதியில் முதலாளியின் பங்கு உண்டு. சொக்சோ உண்டு. சொக்சோ என்பது வெறும் எழுத்தன்று. வேலை நிமித்தம் மோட்டார் சைக்கிளில் போன மாணவர் மழையில் சறுக்கி விழுந்து கை ஒடிந்தால் மருத்துவத்துக்கும் படிக்கும் யார் பொறுப்பு என்னும் கேள்விக்கு விடை. தூதர் விழுந்தால் அவர் தாயார்தான் பொறுப்பு.

மாணவர்க்கு அனுபவம் கிடைக்கிறதே என்பார் உளர். கிடைக்கட்டும். நான் ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் பயிற்றுப்பணிக்கு அனுப்பப்பட்டபோது வகுப்பின் பின்வரிசையில் விரிவுரையாளர் ஒருவர் வந்து அமர்வார். கரும்பலகையில் நான் எழுதிய எழுத்தின் சாய்வு முதல், கேள்வி கேட்டுவிட்டு எத்தனை வினாடி காத்திருந்தேன் என்பது வரை குறித்து, மாலையில் நேரில் உட்கார வைத்துச் சொல்வார். பயிற்சி என்றால் பயிற்றுபவர் ஒருவர் இருக்க வேண்டும். கறுப்புக் கட்டத்துக்குப் பின்னிருந்து ‘இன்று ஏன் எண்ணிக்கை குறைவு?’ என்று கேட்பவர் பயிற்றுநர் அல்லர், தண்டற்காரர். ஓராண்டு இவ்வேலை பார்த்த மாணவர்கள் சிலரை அழைத்து, சந்தைப்படுத்தல் பற்றிப் புதிதாக என்ன கற்றீர்கள் என்று கேட்டேன். ஒரு மாணவர் சொன்னார்: உறவினர்கள் தம் செய்தியைத் திறக்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பதைக் கற்றாராம்.

கைச்செலவுக்கு ஆகிறதே என்பதும் ஒரு வாதம். பி.டி.பி.டி.என். கடனில் படிக்கும் பிள்ளைக்கு மாதம் நூறு வெள்ளி பெரிதுதான். அதை நான் எளிதாக எண்ணவில்லை. தோட்டத்தை விட்டு நகரத்து அடுக்ககத்தில் குடியேறிய குடும்பத்துப் பெண்பிள்ளை, இரவில் வெளியே போகாமல் விடுதி அறையிலிருந்தே சம்பாதிக்க முடிகிறது என்பதும் நல்லதே. அதனால்தான் இவ்வேலையை ஒழிக்கச் சொல்லவில்லை, கூலி கொடுக்கச் சொல்கிறேன். தேவை உள்ளவரிடம் குறைத்துக் கொடுக்கலாம் என்பதுதான் இந்த வாதத்தின் உட்பொருள் என்றால், அதை வெளிப்படையாகச் சொல்லும் துணிவாவது வேண்டும்.

மூன்றாவது வாதம் நம்மவர்களிடமிருந்து வருகிறது. எனக்கு மிகுந்த வருத்தம் தருவதும் அதுவே. நாங்கள் சிறு வணிகர்கள், பெரிய விளம்பர நிறுவனங்களை அமர்த்த எங்களுக்கு வசதியில்லை, நம் பிள்ளைகள் நமக்கு உதவக் கூடாதா என்கிறார்கள். துண்டறிக்கை அச்சிட்டவருக்குப் பணம் கொடுத்துத்தானே கட்டை வாங்கி வருகிறீர்கள்? சரக்கு ஏற்றி வந்த லாரிக்காரரிடம், விற்றால் வாடகை, விற்காவிட்டால் இல்லை என்று சொன்னதுண்டா? முகநூலுக்கு முன்பணம் கட்டுகிறீர்கள். அமெரிக்க நிறுவனத்திடம் ‘நம் பிள்ளை’ என்று பேரம் பேச முடியவில்லை. எல்லாருக்கும் கொடுத்தது போக மிச்சம் பிடிக்கக் கிடைத்தவர் தமிழ் மாணவர் ஒருவர்தாமா? சமுதாய உணர்வு என்னும் பெரிய சொல் கூலியைக் குறைப்பதற்கு மட்டும் மேடையேறுகிறது.

நம் இயக்கங்களும் இதில் கைகழுவ முடியாது. இளைஞர் முன்னேற்றக் கருத்தரங்கு என்று அழைப்பிதழ் வருகிறது. போய்ப் பார்த்தால் காலையில் தன்னம்பிக்கை உரை, மதியம் தூதர் பதிவுப் படிவம். உணவுச் செலவை நிறுவனம் ஏற்றுக்கொண்டதாம். ஆள் ஒன்றுக்கு ஒரு பொட்டலச் சோறு என்று கணக்கிட்டால் தலைக்காசு அன்றைக்கே கொடுத்து முடிந்தது. சில ஆசிரியர்களும் முன்னாள் மாணவர் குழுக்களில் இத்தகைய அறிவிப்புகளை ‘நல்ல வாய்ப்பு’ என்று பகிர்கிறார்கள். ஆசிரியர் பகிர்ந்தால் பிள்ளை ஆராயாது. ஆகவே பகிர்பவர் ஆராய வேண்டும், எஸ்.எஸ்.எம். பதிவேட்டில் அந்நிறுவனம் இருக்கிறதா என்று பார்க்கக்கூட ஐந்து நிமிடம் ஒதுக்காதவர் பகிராமல் இருப்பதே நலம். விற்பவரைவிட ஆள் சேர்ப்பவருக்குக் கூடுதல் பணம் என்றிருந்தால் அது விளம்பர வேலையே அன்று. பிரமிடுத் திட்டங்களுக்கு எதிராக 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டத்திலேயே தடை இருக்கிறது.

அரசும் இப்போது விழித்திருக்கிறது. கிக் தொழிலாளர் மசோதா 2025 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியது. உணவு கொண்டு செல்வோரையும் வாகனமோட்டிகளையும் எண்ணியே நாடு அதைப் பற்றிப் பேசிற்று. விடுதி அறையில் இரவு பதினோரு மணிக்கு விளம்பரத் தமிழைத் திருத்திக்கொண்டிருக்கும் மாணவரைப் பற்றி அந்நாள்களில் எவரும் வாய் திறக்கக் கேட்டிலேன். அவருக்குச் சீருடை இல்லை. சாலை முனையில் கூட்டமாக நிற்பதுமில்லை. ஒரே நிறுவனத்துக்கு உழைக்கும் இருபது பேரும் இருபது ஊர்களில் இருப்பதால் ஒருவர் கூலி இன்னொருவருக்குத் தெரியாது. தோட்டத்தில்கூடப் பால் நிறுக்கும் இடத்தில் நான்கு பேர் கூடிப் பேச முடிந்தது.

செய்ய முடியாத எதையும் நான் கேட்கவில்லை. ஈப்போவில் மசாலைப் பொருள் விற்கும் சிறுகடைக்காரர் ஒருவரை அறிவேன். பள்ளியிறுதி வகுப்பைத் தாண்டாதவர். கம்பாரில் படிக்கும் இரு மாணவர்களை விளம்பர வேலைக்கு வைத்திருக்கிறார். வேலை எல்லாம் புலனத்தில்தான் நடக்கிறது. ஆனால் தொடங்குமுன் இருவரையும் கடைக்கு வரவழைத்து, மிளகாய் எங்கிருந்து வருகிறது, எப்படி வறுக்கிறார்கள், எதில் கலப்படம் செய்வார்கள், தாம் ஏன் செய்வதில்லை என்று அரைநாள் காட்டினார். மணிக்குப் பத்து வெள்ளி; வாரம் எட்டு மணி; பொருள் விற்றாலும் விற்காவிட்டாலும் மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் விழும். தேர்வு வாரங்களில் வேலை இல்லை. இதையெல்லாம் ஒரே தாளில் எழுதி இரு பக்கமும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். பணம் தருபவரின் பெயர், முகவரி, மணிக்கூலி, நேரம், ஐயம் வந்தால் யாரை அழைப்பது, குறை இருந்தால் தொழிலாளர் இலாகாவின் தொலைபேசி எண் எல்லாம் அதில் உள்ளன. கடைசி வரியை அவரே சொல்லி எழுத வைத்தாராம்: நண்பர்கள், உறவினர்களின் எண்களைக் கடை கேட்காது.

அவர் இசைவோடு அந்தத் தாளின் படி ஒன்றை வாங்கி, பெயர்களை மறைத்து வைத்திருக்கிறேன். கேட்டு வருவோருக்கு நகலெடுத்துத் தருகிறேன். இதுவரை பதினொருவர் வாங்கிச் சென்றிருக்கிறார்கள். ஒன்பது பேர் மாணவர்கள், இருவர் முதலாளிகள்.